டீ பேடில் கடைசி இரண்டு அடி

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேர் மாமாக் கடையில், அதாவது இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவகத்தில், உட்கார்ந்தால் பேச்சு டிஸ்க்கைச் சுற்றியேதான் ஓடும். எந்த டிரைவர் (தூரம் போக வீசும் டிஸ்க்) நேராகப் போகும், எந்தப் பிளாஸ்டிக் மழையில் வழுக்காது, போன வாரம் மரத்தில் மாட்டியதை எப்படி இறக்கினோம் என்று தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் ஆறிப்போகும் வரை பேசுவார்கள். காலுக்குக் கீழே இருக்கும் தரையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. முட்டி வலிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பேச்சே வரும்.

கோலாலம்பூர்ப் பக்கம் சில வருடங்களாக ஆடி, உடைந்த டீக்களை, அதாவது முதல் வீச்சுக்கு நிற்கும் தளங்களை, சீர்செய்யும் வேலையிலும் கைகொடுத்து வருவதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். புதிதாக ஆட வருகிறவர்களுக்கும், சொந்தமாக மைதானம் அமைக்க நினைப்பவர்களுக்கும் உதவலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் டிஸ்க்கை, அதாவது கையால் வீசும் பிளாஸ்டிக் தட்டை, எவ்வளவு குறைந்த வீச்சில் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். அப்போது இலக்கு வெறும் கம்பம்தான். சங்கிலிக் கூடையை அவர் பிறகு வடிவமைத்தார். பிடிஜிஏ என்கிற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே, 1976-இல். அன்றிலிருந்து கூடை எவ்வளவோ மெருகேறிவிட்டது. மைதானம் போடுகிறவர்களின் பணமும் பெரும்பாலும் கூடைக்கே போகிறது. மீதி இருந்தால் டீக்கு. மீதி இருப்பதில்லை.

முதல் வீச்சை வீசும் இடம்தான் டீ. அதில் சிமெண்டுத் தளமோ ரப்பர் விரிப்போ போட்டிருந்தால் டீ பேட். பிடிஜிஏ விதிப்படி, தளம் இல்லாத இடத்தில் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ள கோட்டிலிருந்து பின்பக்கம் 3 மீட்டர் வரை டீயாக எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் கையை விட்டுப் போகும் நொடியில் உடம்பைத் தாங்கும் கால் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். விட்ட பிறகு முன்னால் எவ்வளவு தூரம் ஓடினாலும் தவறில்லை. ஓட்டத்தைத் தளத்துக்குப் பின்னாலிருந்து தொடங்கவும் அனுமதி உண்டு. இந்த இரண்டு சலுகையும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் பார்த்த சறுக்கல்களில் பாதிக்கு மேல் பேடுக்கு வெளியே, பின்னாலிருந்து ஏறும்போதோ முன்னால் இறங்கும்போதோதான் நடந்தன.

நாங்கள் ஆடும் இடம் பழைய ஈயக்குட்டையை, அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டையை, ஒட்டிய நிலம். இந்த ஊரில் ஏரி என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் பின்னால் ஈயம் தோண்டிய கதை இருக்கிறது. தித்திவங்சா ஏரிகூட அப்படி வந்ததுதான். ஈயம் அலசிய மண் ஒரு பக்கம் வெறும் மணலாகக் கிடக்கும், பத்தடி தள்ளிப் போனால் களிச்சேறாக இருக்கும். அதன் மேல் தளம் போட்டால் ஒரு மூலை அசையாமல் நிற்கும், இன்னொரு மூலை வருடத்துக்கு வருடம் இறங்கும். எங்களிடம் எல்லா வகை டீயும் உண்டு. எப்போதோ யாரோ போட்ட சிமெண்டுத் தளம், மரச் சட்டத்துக்குள் செயற்கைப் புல், வெறும் மண்ணில் இரண்டு கொடி. ஒன்றுகூடச் சமமட்டமாக இல்லை.

சமமட்டமாக இல்லாதது ஒரு பெரிய குறையே இல்லை என்பதுதான் என் கட்சி. ஒரே சீராகச் சாய்ந்த தளத்துக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும். தொல்லை தருவது, ஓடிவரும்போது ஒரு மாதிரியும் கடைசிக் காலை ஊன்றும்போது வேறு மாதிரியும் இருக்கிற தளம். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர, வீசுவதைக் கவனித்துப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பி நின்று, இடக்காலை வலக்காலுக்குப் பின்னால் குறுக்கே வைத்து, பிறகு வலக்காலைக் குத்தி நிறுத்துகிறார். எக்ஸ்-ஸ்டெப் என்பது இதைத்தான். ஓடிவந்த வேகம் முழுவதும் அந்த வலக்காலில் வந்து நிற்கும். அதே காலின் மேல் இடுப்பு சுழலும், அதன் பிறகுதான் கை வரும். எல்லாம் நடப்பது தளத்தின் முன்விளிம்பை ஒட்டிய இரண்டு அடிக்குள். அந்த இரண்டு அடி சரியாக இருந்தால் மீதித் தளம் கோணல்மாணலாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். அது கெட்டிருந்தால் மீதி கண்ணாடி மாதிரி இருந்தும் பயனில்லை.

எங்கள் கூட்டத்தில் சிலம்பம் ஆடும் பையன் ஒருவன் இருக்கிறான். டீயில் ஏறியதும் டிஸ்க்கைக் கையில் எடுக்கமாட்டான். முன்விளிம்புவரை நடந்துபோய், ஊன்றும் காலை அந்த இடத்தில் வைத்து, குதிகாலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பான். மணல் கரகரக்கிறதா, பாசி வழுக்குகிறதா, குழி இருக்கிறதா என்று கால் சொல்லிவிடும். பிறகு பின்னால் போய் வீச்சில்லாமல் ஒருமுறை மெதுவாக நடந்து வருவான். முறை வந்து வழி காலியானதும் வீச 30 விநாடி கொடுக்கிறார்கள். இது அதற்குள் தாராளமாக முடிந்துவிடும். இப்போது நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம்.

சாய்வு எந்தப் பக்கம் என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். சுற்றியுள்ள நிலம் சரிவாக இருந்தால் கண் ஏமாந்துவிடும். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலி இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஒரு பட்டரை (கூடைக்குப் பக்கத்திலிருந்து வீசும் டிஸ்க்) மல்லாத்தி, அதாவது குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி, தளத்தில் வையுங்கள். குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் அதற்குள் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு விளிம்பில் போய் ஒதுங்கும். எதிர்விளிம்புப் பக்கம் பிளாஸ்டிக் காய்ந்து தெரியும். முன்விளிம்பில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. மூன்று இடத்திலும் தண்ணீர் ஒரே பக்கம் ஒதுங்கினால் அது நல்ல டீ. முன்னால் இடப்பக்கமும் நடுவில் வலப்பக்கமும் போனால் அங்கே ஓடிவந்து வீச வேண்டாம்.

சாய்வு தெரிந்த பிறகு என்ன செய்வது? வலக்கை பேக்ஹேண்டுக்குச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வீசும்போது நெஞ்சு தளத்தின் இடப்பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தால் டிஸ்க்கின் தளமும் தரையோடு சேர்ந்து சாய்ந்து, இட விளிம்பு கீழாக வெளியேறும். அதாவது தானாகவே ஹைசர். எப்போதும் போல இலக்குக்கு நேராகக் குறி பார்த்தால் டிஸ்க் இடப்பக்கம் சீக்கிரம் விழுந்துவிடும். கொஞ்சம் வலப்பக்கம் குறி வைத்தால் போதும், உடம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்தால் நேர்மாறு: வலப்பக்கம் ஓடும் ஆன்ஹைசர், குதிகாலில் சாய்ந்து தடுமாறும் அபாயம். அந்த மாதிரி டீயில் நான் ஃபோர்ஹேண்டுக்கு, அதாவது உள்ளங்கை முன்னால் வரும் வீச்சுக்கு, மாறிவிடுவேன்.

முன்பக்கம் ஏற்றமாக இருந்தால் எடை பின்காலிலேயே தங்கிவிடும். டிஸ்க் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய் அப்படியே தொங்கி விழும். தோளைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்து, வேகத்தைக் குறைத்து வீசினால் கொஞ்சம் சரியாகும். முன்பக்கம் இறக்கமான டீதான் எனக்குப் பிடிக்காதது. கடைசி அடி நினைத்ததைவிடக் கீழே போய் இறங்கும், கால் ஊன்றத் தாமதமாகும், அதற்குள் கை முந்திக்கொள்ளும். ஓட்டம் கூடக் கூட இது மோசமாகும். அங்கே அடிகளைச் சின்னதாக வைக்க வேண்டும். சின்னது என்றால் கூச்சப்படும் அளவுக்குச் சின்னது.

எதிலும் சந்தேகம் இருந்தால் ஓடாமல் நின்று வீசுங்கள். இதைச் சொன்னால் இளவட்டங்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு ஓடிவந்து எழுபது மீட்டர் போகும் டிஸ்க் நின்று வீசினால் அறுபதைத் தொடும். எங்களுடையது போன்ற பூங்கா மைதானத்தில் அந்தப் பத்து மீட்டரால் ஒரு வீச்சுகூட அதிகமாவது அபூர்வம். மழைத்தண்ணீர் தேங்கிய டீயில் முழு வேகத்தில் ஓடி, டிஸ்க்கை ஏரிக்குள் அனுப்பிவிட்டுத் தானும் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது உண்மை. எழுந்து நிற்க முடிகிறதா என்று தெரியும்வரை அடக்கிக்கொண்டோம்.

முட்டி விஷயம் கொஞ்சம் பேச வேண்டும். கால் சறுக்கினால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். சறுக்கவே சறுக்காத தரையும் ஆபத்துதான். புது ரப்பர் விரிப்பில் பல் வைத்த காலணியோடு ஊன்றினால் பாதம் பசை போட்டதுபோல ஒட்டி நிற்கும். மேலே இடுப்பு சுழலும். நடுவில் இருக்கும் முட்டி அந்த முறுக்கு மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஊன்றிய கால் குதிகாலின் மேல் திரும்ப வழி இருக்க வேண்டும். குழிக்குள் ஊன்றினாலும் இதே கதை, குழியின் சுவர் பாதத்தைத் திரும்பவிடாது. ஆகவே மண் டீக்கு ஒரு காலணி, விரிப்புக்கு வேறு காலணி என்று வைத்துக்கொள்கிறவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று சொல்லமாட்டேன்.

அந்தக் குழி எப்படி உண்டாகிறது என்பதற்கு வருகிறேன். மண் டீயில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் காலை ஊன்றித் திருப்புகிறார்கள். முதலில் புல் போகும், பிறகு சோறு வடிக்கும் தட்டளவுக்கு ஒரு பள்ளம் விழும். கோலாலம்பூரில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை. மார்ச் - ஏப்ரலிலும் அக்டோபர் - நவம்பரிலும் இன்னும் கூடுதல். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், களிமண் குழையும், அடுத்து வருகிறவரின் குதிகால் அதை இன்னும் தோண்டும். வெயில் அடித்ததும் மேல்பகுதி காய்ந்து நல்ல தரைபோலத் தெரியும், கீழே சேறு அப்படியே இருக்கும்.

பள்ளத்தைப் பார்த்ததும் பக்கத்திலிருந்து மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துவிட்டுப் போகிற வழக்கம் எங்களுக்கும் இருந்தது. அடுத்த மழைக்கே அது கூழாகிவிடும். கொத்துவேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவை ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டினேன். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. பள்ளத்தை மட்டும் குனிந்து பார்த்தார்.

“சேத்து மேல மண்ணப் போட்டா அதுவும் சேறுதாண்டா. மொதல்ல இருக்கறத வழிச்சு வெளிய எடு” என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். பள்ளத்தின் ஓரத்தைச் சரிவாக விடாமல் மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிச் சதுரமாக்கினோம். கெட்டித் தரை தட்டும்வரை சேற்றை வழித்தோம். சாலை போடும்போது அடியில் கொட்டுவார்களே கிரஷர் ரன், தூளும் சரளையும் கலந்தது, அதை நாலு விரல் உயரத்துக்குப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தோம். அதன் மேல் இன்னொரு அடுக்கு. ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேலே மட்டும் இறுகும், அடியில் பொதபொதவென்று இருக்கும் என்று மாமா ஒவ்வொரு அடுக்குக்கும் கட்டையைத் தானே வாங்கி இரண்டு இடி இடித்துப் பார்த்தார். “டம்முனு கேக்கணும், சப்புனு கேக்கக் கூடாது” என்பது அவர் வைத்த பரீட்சை. கடைசியில் தரையைவிட ஒரு விரல் உயரமாக விட்டோம், எப்படியும் அமுங்கும் என்று. அந்த ஒட்டு பல மழைக்குத் தாங்கி நிற்கிறது.

புதிதாகச் சிமெண்டுத் தளம் போடுகிறவர்களுக்கும் அவரிடம் கேட்டதைத்தான் சொல்வேன். 1.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் குறைந்த அளவு. இடம் இருந்தால் 1.8-க்கு 3.6 என்று போடுவது நல்லது. நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, பின்பக்கமாக ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் கொடுக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர், காலுக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். முன்பக்கம் வடியவிட்டால் ஊன்றிய பிறகு நாம் இறங்குகிற மண்ணைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விடும். ஈரம் காய்வதற்குள் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்குவாட்டில் வருடி விடுங்கள். ஓடுகிற திசையில் வருடினால் அந்தக் கோடுகளே சறுக்குப் பாதையாகிவிடும். மேற்பரப்பைப் பளபளவென்று தேய்த்து முடிப்பதுதான் நல்ல வேலை என்று நினைக்கிற கொத்தனார் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இடம் பார்க்கும்போது தலைக்கு மேலேயும் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்து நிழல் சுகமானது, அதன் வேர் சுகமானதல்ல. எங்கள் தளங்களில் ஒன்றை வேர் தூக்கி நடுவில் பிளந்துவிட்டது. இப்போது பிளவின் ஒரு பக்கம் மற்றதைவிட உயரமாக நிற்கிறது. பின்கால் வைக்கிற இடத்தில் அது இருப்பதால் கால்விரல் மாட்டுகிறது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, வேரை வெட்டினால் மரம் சாயும். தளத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும். நிழலில் இன்னொரு கேடு பாசி. வெயில் படாத சிமெண்டில் இந்த ஊர் ஈரத்துக்குப் பச்சை பிடிக்காமல் இருக்காது. கம்பி பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஆனால் மாதாமாதம் யாராவது செய்ய வேண்டும், அங்கேதான் சிக்கல்.

மரச் சட்டத்துக்குள் செயற்கைப் புல் விரித்த டீக்கள் கால்களுக்கு இதமானவை. மேலை நாடுகளில் இவற்றுக்கு நல்ல பெயர். இங்கே சட்டத்தைக் கரையான் தின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் மரம், தட்டினால் காகிதம். ஒரு ஓரம் உள்ளே போனதும் விரிப்பு தளர்ந்து சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பு சிமெண்டு வெடிப்பைவிடப் பொல்லாதது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. சட்டம் போட்டே ஆக வேண்டுமென்றால் மண்ணில் படாமல் கிரஷர் ரன் மேல் உட்காரவையுங்கள்.

ஆடுகிறவர் கையில் உள்ள ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. நிற்கிற இடத்தில் துண்டோ மெல்லிய விரிப்போ போட்டுக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. அழுத்தினால் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நின்று வீசும்போது ஈரச் சிமெண்டில் பழைய குட்டித் துண்டு ஒன்று பெரிய உபகாரம். ஓடிவந்து அதன் மேல் ஊன்றாதீர்கள், துண்டோடு சேர்ந்து போய்விடுவீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் அடிபட வைப்பது முன்விளிம்புக்கு அப்பால் உள்ள பள்ளம். தளம் திடமாக இருக்கிறது, அதைத் தாண்டி இறங்கும் மண் மட்டும் தேய்ந்து தேய்ந்து ஒரு சாண் கீழே போய்விடுகிறது. டிஸ்க்கை விட்டதும் கண் அதன் பின்னால் போகும். பின்கால் காற்றில் வந்து, இருக்கும் என்று நம்பிய தரையைத் தேடும். கணுக்கால் பிசகுவது அந்த இடத்தில்தான். தளம் போடக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிற தளத்தின் முன்னால் ஒரு மீட்டருக்காவது மண்ணைத் தளத்தோடு சமமாக நிரப்பி வையுங்கள். சரளை கொட்டாதீர்கள், உருளும்.

பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தபோது வந்த பதில், கூடைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்பது. அவர்கள் சொன்னது பொய்யில்லை. பிறகு ஒரு வேலை செய்தோம், அதற்குப் பலன் இருந்தது. நல்ல மழை விட்ட அரைமணி நேரத்தில் போய், ஒவ்வொரு டீயிலும் தண்ணீர் நிற்கும் ஓரத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு காலணியை வைத்துப் படம் எடுத்தோம். அளவு புரியக் காலணி. எழுத்தில் ‘சீரற்ற தளம்’ என்று சொன்னபோது அசையாதவர்கள், தண்ணீருக்குள் பாதி முங்கிய காலணியைப் பார்த்ததும் ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் இரண்டு லாரி மண் கொட்டினார்கள், அதுவும் கூடையின் அடியில். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி டீக்கு முன்னால் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் அதற்குத்தான் போகிறது. வேர் பிளந்த டீக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அங்கே கொடிகளை எட்டடி இடப்பக்கம் தள்ளிக் குத்தி, புல்தரையிலிருந்தே வீசுகிறோம்.